480-க்குக் கீழே உட்காருவதில்லை

சின்ன கேசினோக்களில் இயந்திரம் ஆடப் போவேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே எனக்குப் பித்து என்று முடிவுகட்டுகிறார்கள், இல்லாவிட்டால் குரலைத் தாழ்த்தி 'என்ன டெக்னிக்?' என்கிறார்கள். ஸ்லாட்டில், அதாவது பொத்தானை அழுத்தினால் படங்கள் சுழன்று நிற்கும் சூதாட்ட இயந்திரத்தில், அடுத்து என்ன விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் சில்லு எண்களைக் குலுக்கிக்கொண்டே இருக்கிறது, பொத்தானை அழுத்தும் கணத்தில் வந்த எண்தான் முடிவு. 'ரொம்ப நேரமா எதுவும் கொடுக்கல, இப்ப கொடுக்கும் பாருங்க' என்பவர்களிடம் வாதாடுவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

ஆனால் சில இயந்திரங்கள் தங்கள் கணக்கைத் தாங்களே கண்ணாடியில் எழுதி வைத்திருக்கின்றன. நான் தேடுவது அவற்றை மட்டும்தான்.

வீடியோ போக்கர் அப்படி ஒன்று: திரையில் ஐந்து சீட்டு வரும், வேண்டாததை மாற்றிக்கொள்ளலாம், சேரும் சீட்டுக்கேற்பப் பரிசு. 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' ஆட்டத்தில் பரிசுப் பட்டியலின் இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும். ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே மதிப்பில் மூன்று சீட்டு, கூட ஒரு ஜோடி) 9 மடங்கு, ஃப்ளஷுக்கு (ஐந்தும் ஒரே இனம்) 6 மடங்கு என்று இருந்தால், பிசகாமல் ஆடுபவருக்கு நீண்ட ஓட்டத்தில் 99.54 சதவீதம் திரும்பி வரும். அதே 8, 5 என்றால் 97.30தான். மற்றபடி இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். மணிக்கு 600 கை (ஒருமுறை சீட்டு வாங்கி ஆடுவது ஒரு கை), கைக்கு 5 கிரெடிட் (இயந்திரத்தின் பண அலகு) என்று ஆடினால் முதலாவதில் சராசரியாக 14 கிரெடிட் போகும், இரண்டாவதில் 81. ராயல் ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் 10 முதல் ஏஸ் வரை) வழக்கமான 4,000 கிரெடிட்டுக்குப் பதில், ஆட ஆடப் பரிசுத் தொகை ஏறிக்கொண்டே போகும் மீட்டர் இருந்து, அது ஏறக்குறைய 4,880-ஐத் தாண்டினால் 9/6 இயந்திரம் நம் பக்கம் சாயும். 8/5 சாய 8,700 பக்கம் வரவேண்டும்.

சாய்ந்துவிட்டதே என்று துள்ளிக் குதிக்கவும் முடியாது. ராயல் ஃப்ளஷ் சுமார் 40,000 கைக்கு ஒருமுறை வருவது. அரை சதவீத சாதகம் கையில் இருந்தாலும், அந்த லாபம் வழக்கமான ஏற்ற இறக்கத்தின் அளவுக்கு வளரவே பல லட்சம் கை ஆகும். அதாவது ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல். அத்தனை நேரம் அந்த நாற்காலியில் உட்கார எனக்கு முதுகு இல்லை.

எனக்குப் பிடித்தது வேறு வகை: 'ஜாக்பாட் 500-க்குள் விழுந்தே தீரும்' என்று எழுதியிருக்கும் ஸ்லாட்டுகள். ஜாக்பாட் விழுந்ததும் இயந்திரம் அடுத்தது எந்த இடத்தில் விழ வேண்டும் என்று ரகசியமாக ஒரு எண்ணைக் குறித்துக்கொள்ளும். யார் ஆடினாலும் மீட்டர் ஏறும். அந்த எண்ணைத் தொடவைப்பவருக்குப் பரிசு. பெரிய கேசினோவில் இதற்கென்றே ஆட்கள் அலைகிறார்கள். சின்ன இடங்களில் பரிசும் சின்னது, அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் எனக்கு மிச்சம் இருக்கிறது.

மீட்டர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் முதலில் தெரியவேண்டியது. அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். சுற்றுக்கு 2 கிரெடிட் போடும் ஒருவருக்குப் பின்னால், கையில் காபியோடு, வேடிக்கை பார்ப்பதுபோல் நில்லுங்கள். 50 சுற்றில் மீட்டர் 0.50 ஏறினால், போடும் 100-க்கு அரை கிரெடிட் மீட்டருக்குப் போகிறது. அடுத்தது, ஜாக்பாட்டைச் சேர்க்காமல் இயந்திரம் எத்தனை சதவீதம் விழுங்குகிறது என்பது. இது கண்ணாடியில் இருக்காது. சில இடங்களில் உதவித் திரையில் திரும்பி வரும் சதவீதம் போட்டிருப்பார்கள், ஆனால் அதில் ஜாக்பாட்டும் சேர்ந்திருக்கலாம். நான் கொஞ்சம் கூடுதலாகவே, 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வேன்.

இப்போது மீட்டர் 460-இல் நிற்கிறது. ரகசிய எண் 460-க்கும் 500-க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம் என்றால் சராசரி 480. 20 ஏற்ற 4,000 கிரெடிட் போட வேண்டும். அதில் 12 சதவீதம், 480, போய்விடும். கிடைக்கப்போவதும் 480. கொட்டிய உழைப்புக்கு ஒரு பைசா இல்லை. அதற்கும் கீழே என்றால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

480-இல் நின்றால் கதை வேறு. சராசரியாக 2,000 போட்டு, 240 இழந்து, 490 எடுக்கலாம். ரகசிய எண்கள் உச்சியை ஒட்டியே விழுமாறு அமைத்திருந்தால் என்ன ஆகும் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. அதையும் போட்டுப் பார்த்தேன்: 500 வரைக்கும் இழுத்தடித்தால் 4,000 போட வேண்டும், 480 போகும், 500 வரும். தப்பித்துவிடலாம். அதனால்தான் என் கோடு 480. இவை எல்லாமே சராசரிகள்தான், ஒரே உட்காரலில் இரண்டு மடங்கு இழப்பதும் சகஜம். அதைத் தாங்கும் பணம் இல்லாமல் தொடங்கவே கூடாது. பாதியில் எழுந்தால் நீங்கள் ஏற்றிவிட்ட மீட்டரை அடுத்தவர் அனுபவிப்பார்.

அந்த 480 யார் போட்டது என்று ஒருமுறை நண்பர் கேட்டார். எனக்கு முன்னால் ஆடித் தோற்றவர்கள் போட்டதுதான். கேசினோ தன் பங்கை ஏற்கெனவே எடுத்துவிட்டது, என் லாபம் வருவது அவர்கள் பையிலிருந்து. இது எனக்குத் தெரியும், உறுத்தவும் செய்கிறது. ஆடுவதை நிறுத்தும் அளவுக்கு உறுத்தவில்லை.

சுற்றுக்கு 2 கிரெடிட் என்றால் அந்த 2,000-ஐப் போட்டு முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். சராசரி லாபம் 250. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 480-ஐத் தாண்டி, ஆளில்லாமல் நிற்கும் இயந்திரம் கிடைக்க எத்தனை வாரம் ஆகுமோ, அத்தனை வாரத்தால் அந்த 250-ஐ வகுக்க வேண்டும். போதாததற்கு மூலையில் ஒரு பெரியவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு மீட்டராகக் குறித்துக்கொண்டு போவார். நாங்கள் தலையசைத்துக்கொள்வதோடு சரி. அவருடைய கோடு 475 என்று நினைக்கிறேன், நான் போவதற்குள் அவர் உட்கார்ந்திருப்பார்.