18ஆவது நகர்த்தல்

எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் நூலக அறையில் சனிக்கிழமை தோறும் மாலையில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். காய்களை நகர்த்தக் கற்றுக்கொடுப்பதில் எனக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை. தோற்றுவிட்டு எழுந்து வரும் பிள்ளையிடம் அந்த முதல் அரைமணி நேரத்தில் என்ன பேசுவது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை மாவட்டப் போட்டிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். முதல் மூன்று சுற்றுகளையும் வென்றவள், நான்காவது சுற்றில் ஒரு குதிரை கூடுதலாக வைத்திருந்தும் தோற்றுப்போனாள். மண்டபத்தை விட்டு வெளியே வந்தவளிடம், “பரவாயில்லம்மா, நீ கெட்டிக்காரப் பொண்ணு, அடுத்த தடவை ஜெயிச்சிடலாம்” என்று சொல்லி, குடிக்க மாம்பழச் சாறு வாங்கிக் கொடுத்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அதன் பிறகு மூன்று சனிக்கிழமைகள் அவள் வகுப்புக்கு வரவே இல்லை.

அன்பினால் சொன்ன அந்த வார்த்தைகள் அவளுக்கு ஏன் உதவவில்லை என்று நான் நெடுநாள் யோசித்தேன். இரவெல்லாம் தூங்காமல் தயாரித்து, உயிரைக் கொடுத்து ஆடிய ஓர் ஆட்டத்தைப் பற்றி ‘பரவாயில்லை’ என்று சொன்னபோது, அவளுக்குப் பெரிதாக இருந்த ஒன்றை நான் சிறியதாக்கிவிட்டேன். ‘கெட்டிக்காரி’ என்ற சொல் அதைவிடத் தீங்கானது. கிளாடியா மியூலர், கரோல் டுவெக் என்ற உளவியலாளர்கள் 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், புதிர்களைச் சரியாக முடித்த குழந்தைகளில் சிலரை அறிவாளி என்றும், சிலரை நன்றாக உழைத்தாய் என்றும் பாராட்டிவிட்டு, பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள். அதில் தடுமாறியபோது, அறிவாளி என்று பாராட்டப்பட்டவர்கள் விரைவில் ஆர்வம் இழந்தார்கள். முகம் தெரியாத வேறொரு குழந்தைக்கு எழுதும்போது தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையேதான் அதிகம். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய பிள்ளை தோற்றால், ஆட்டத்தோடு சேர்த்து அந்தப் பெயரையும் இழந்ததாக நினைக்கிறாள். மறுபடி ஆடாமல் இருந்துவிட்டால் மிச்சமிருக்கும் பெயராவது தங்கும் என்று அவளுக்குத் தோன்றுவது இயல்புதானே?

2024 நவம்பரில் சிங்கப்பூரில் தொடங்கிய உலகச் சதுரங்கச் சாம்பியன் போட்டியை எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து பின்தொடர்ந்தேன். அப்போது 18 வயதேயான குகேஷ், அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரெனுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே, அதுவும் முதலில் நகர்த்தும் வாய்ப்புள்ள வெள்ளைக் காய்களோடு ஆடி, தோற்றார். அன்று விஸ்வநாதன் ஆனந்தை லிஃப்டில் சந்தித்ததைப் பற்றிக் குகேஷ் பின்னர் சொன்னது என் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது. தனக்கு 11 ஆட்டங்கள்தான் மிச்சமிருந்தன, உனக்கு இன்னும் 13 இருக்கின்றன என்ற பொருளில் ஆனந்த் சொன்னாராம். 2010ஆம் ஆண்டு சோஃபியா நகரில் பல்கேரிய வீரர் டோபலோவுக்கு எதிராக உலகப் பட்டத்துக்காக ஆடிய 12 ஆட்டத் தொடரில் ஆனந்தும் முதல் ஆட்டத்தைத் தோற்று, மறு ஆட்டத்தையே வென்று, பட்டத்தையும் தக்கவைத்துக்கொண்டவர். தோல்வியை மறைக்காத, புகழ்ச்சி எதுவும் கலக்காத அந்த ஒற்றை வரியில், பட்டு அறிந்தவரின் அனுபவமும், இனி ஆட வேண்டிய ஆட்டங்களின் எண்ணிக்கையும் மட்டுமே இருந்தன. குகேஷ் மூன்றாவது ஆட்டத்திலும் 11ஆவது ஆட்டத்திலும் வென்றார். 12ஆவது ஆட்டத்தில் மறுபடியும் தோற்றார். 14ஆவது ஆட்டத்தில் வென்று, 7.5க்கு 6.5 என்ற கணக்கில் உலகச் சாம்பியன் ஆனார். (அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், மாமல்லபுரம் ஒலிம்பியாடில் தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்களை வென்ற அதே பையன், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தான் வீரர் அப்துசத்தோரோவிடம் தோற்றதையும் எங்கள் பிள்ளைகள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.)

இப்போது என் வழக்கம் மாறியிருக்கிறது. பிள்ளை தோற்று வந்தால் முதலில் தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்காருகிறேன். அழுதால் அழ விடுகிறேன். பேச்சு வரும்போது, நகர்த்தல்களை எழுதிய நோட்டேஷன் தாளை எடுக்கச் சொல்லி, “எந்த இடம் வரைக்கும் உனக்கு ஆட்டம் பிடிச்சிருந்தது?” என்று கேட்கிறேன். தோற்ற ஆட்டத்திலும் பத்துப் பதினைந்து நல்ல நகர்த்தல்கள் இருப்பதைத் தன் கையெழுத்திலேயே பார்க்கும் பிள்ளையின் முகம் மாறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நான் சொல்லும் பாராட்டை அது நம்பாமல் போகலாம்; தானே எழுதிய தாளை நம்புகிறது.

பெற்றோர்கள் இதைத் தேர்வுத் தாளுக்கும் செய்யலாம் என்பதை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ‘எத்தனை மார்க்’ என்று கேட்பதைத் தள்ளிவைத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விடைத்தாளை விரித்து, எந்தக் கேள்வி வரை சரியாகப் போனது என்று சேர்ந்து பார்க்கலாம். எல்லாத் துயரமும் இப்படித் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை நாள்கணக்கில் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். டெலி மானஸ் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசனை பெறலாம்.

அந்த மாணவி நான்காவது சனிக்கிழமை வந்தாள். தம்பியை வகுப்பில் விட வந்தவள் போல வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. சிறிது நேரம் கழித்து அவளே என் மேசையருகே வந்து, “சார், 18ஆவது மூவ்ல அந்தச் சிப்பாயை யானையால எடுத்திருக்கக் கூடாது, இல்லையா? அதனாலதான பின்வரிசை காலியாச்சு” என்றாள். மூன்று வாரங்களாக வீட்டில் பலகைகூட இல்லாமல் அந்த ஆட்டத்தை மனத்துக்குள் தனியாகவே ஆடிப் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பலகையை எடுத்து வைத்தேன். தாளைப் பார்க்காமலேயே 17 நகர்த்தல்களையும் இரண்டு பக்கத்துக்கும் அவளே வைத்துக் காட்டிவிட்டு, “இதுல இருந்து என்கூட ஆடுங்க சார்” என்றாள். நான் எதிராளியின் காய்களின் பக்கம் போய் உட்கார்ந்தேன். அவள் யானையைத் தொடவில்லை. ராஜாவுக்கு முன்னால் இருந்த ஓரச் சிப்பாயை, ராஜா தப்பிக்க வழி இருக்கும்படி, ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.