பிக்கப்பின் கிரவுன் பினியன் மாற்றினேன்: தை முதல் வைகாசி வரை

தை கடைசியில் சம்பா நெல் 30 மூட்டையோடு கொள்முதல் நிலையத்துக்குப் புறப்பட்டேன். மூட்டைக்கு 40 கிலோ, ஆக 1200 கிலோ. நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுக் கரையில் ஏறும் சரிவில் டர்போ காற்றைத் தள்ளத் தொடங்கியதும் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறியது. வண்டி ஏறவில்லை. கரிந்த வாடை வந்தது. பாதி மூட்டையை இறக்கிவைத்து இரண்டு நடையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

வண்டி 2004 மாடல், இரண்டரை லிட்டர் டர்போ டீசல். எனக்கு முன் ஒரு செங்கல் காளவாயில் உழைத்தது. எஞ்சின் இன்றும் கல் மாதிரி இருக்கிறது. அந்த இழுவை சக்கரம் வரை போய்ச் சேரவில்லை என்பதுதான் குறை. பெரிய எஞ்சின் போடச் சொன்னவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இருக்கும் இழுவையே வழியில் தொலையும்போது இன்னும் கூட்டி என்ன பயன்?

முதலில் கிளட்ச். கியர்பாக்ஸை இறக்கியபோது பிளேட் முழுக்க எண்ணெய் மினுக்கம். கிராங்க் பின்பக்க ஆயில் சீல் கசிந்திருக்கிறது. பிளேட் உராயும் எஞ்சின் பக்கத்துச் சக்கரமான ஃபிளைவீலில் நீலம் பாரித்த சூட்டுத் திட்டுகள். சீலை மாற்றி, ஃபிளைவீலை லேத்தில் அரை மில்லிமீட்டர் சீவச் சொன்னேன். என்னுடையது படி வைத்த ஃபிளைவீல். உராயும் முகத்தில் எவ்வளவு சீவுகிறோமோ, பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பிலும் அவ்வளவே சீவ வேண்டும். விளிம்பைச் சீவாமல் விட்டால் அழுத்தம் குறைந்து, புதுப் பிளேட்டும் வழுக்கும். செராமிக் பிளேட் வாங்கச் சொன்னார்கள். அது வெடுக்கென்று பிடிக்கும். களத்துமேட்டில் ஆட்கள் சுற்றி நிற்க அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுக்கிற வண்டிக்கு ஆகாது. சாதாரணப் பிளேட்டையே வைத்து, அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட் போட்டேன். ரிலீஸ் பேரிங்கும் புதிது.

அடுத்தது பின் ஆக்ஸில். பிராப்பெல்லர் ஷாஃப்ட் என்ற நீளத் தண்டு கியர்பாக்ஸிலிருந்து கொண்டுவரும் சுழற்சியை, பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் இடம் இது. இதில்தான் எனக்கு உண்மையான பாடம் கிடைத்தது. வடிகால் போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பு எண்ணெய்க்குப் பதிலாகப் பால் கலந்த காபி நிறத்தில் ஒரு குழம்பு வடிந்தது. தண்ணீர். எங்கள் பக்கம் வயலுக்குப் போக வாய்க்காலில் இறங்கித்தான் ஏற வேண்டும். லோடு இழுத்துச் சூடேறிய ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். மேலே இருக்கும் மூச்சுத்துளை வழியாக வெளிக்காற்று வந்து அதை ஈடுகட்ட வேண்டும். துளையைக் கம்பியால் குத்திப் பார்த்தேன்: களிமண் காய்ந்து சிமெண்டுபோல் அடைத்திருந்தது. துளை அடைத்தால் ஆக்ஸில் சீல் உதடுகளின் வழியே தண்ணீரை உறிஞ்சுகிறது. பேரிங் பாதைகளில் பழுப்புப் புள்ளிகள், பினியன் பல்லில் அம்மைத் தழும்பு போன்ற குழிகள்.

இப்போது துளையில் ஒரு முனை பொருத்தி, எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயைச் சேஸிஸ் வழியாகக் கேபினின் பின்சுவர் உயரத்துக்கு ஏற்றி, நுனியில் சிறிய பெட்ரோல் ஃபில்டர் ஒன்று மாட்டியிருக்கிறேன். இந்த முழு வேலையிலும் மிகக் குறைந்த செலவு இதுதான். டெல்டாவில் வண்டி வைத்திருக்கும் எல்லோரும், வேறு எதையும் செய்யாவிட்டாலும், இதை மட்டுமாவது செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பல்லை எண்ணியபோது இன்னொன்று தெரிந்தது. கிரவுனில் 43, பினியனில் 8. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 5.38 சுற்று; பழைய ஜீப் காலத்து விகிதம். இந்த வண்டிக்கு உரியது 39-க்கு 8, 4.88. செங்கல் லோடுக்காக யாரோ மாற்றியிருக்கிறார்கள். (கழற்றாமலும் பார்க்கலாம்: ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, அதை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் பிராப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். சாக்பீஸ் கோடு போதும்.) என் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.15 மீட்டர் உருள்கிறது. எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் நேர் கியரான நான்காவதில் 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் பழைய கிரவுனில் எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்று ஓட வேண்டும், 4.88-இல் 2270 போதும். டர்போ எஞ்சின் குறைந்த சுற்றிலேயே இழுக்கும். அதைப் பல் விகிதத்தால் வீணாகக் கதற வைத்துக்கொண்டிருந்தோம்.

ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதால் அதுவும் இத்தனை காலம் பொய் சொல்லியிருக்கிறது. 66 காட்டியபோது உண்மை 60. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று நான் பெருமையாகச் சொல்லிவந்தது உண்மையில் 10.9.

புதுக் கிரவுனும் பினியனும் ஜோடியாகவே அரைக்கப்பட்டு, ஒரே எண் பொறித்து வருகின்றன. ஜோடியைப் பிரிக்கக் கூடாது. பொருத்தும் வேலையை மன்னார்குடியில் லேத் வைத்திருக்கும் மாமாவோடு சேர்ந்து செய்தேன். பற்களில் நீலச் சாயம் தடவி, சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பார்ப்பார். முதல் முறை தடம் பல்லின் உச்சியில் விழுந்தது. “பினியன் உள்ளே போதவில்லை, மாப்பிள்ளை. 10 புள்ளி ஷிம் சேர்” என்றார். ஷிம் என்பது இடையில் வைக்கும் மெல்லிய தகட்டு வளையம்; 10 புள்ளி என்றால் 0.10 மில்லிமீட்டர், தலைமுடிப் பருமன். சேர்த்ததும் தடம் நடுவுக்கு வந்தது. ஆனால் பினியன் நெருங்கியதால் பல் இடைவெளி 0.10-க்குச் சுருங்கிவிட்டது. கிரவுனின் இரு பக்க ஷிம்களை இடம் மாற்றி, டயல் கேஜில் 0.18 வரும்வரை நான்கு முறை கழற்றி மாட்டினோம். மாலை ஆறு மணிக்குச் சாயம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக, இரு ஓரமும் தொடாமல் விழுந்தது. மாமா டயல் கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். எனக்குக் கண் கலங்கியது.

பிராப்பெல்லர் ஷாஃப்டில் இரண்டு கிராஸும் (மூட்டுச் சிலுவைகள்) சென்டர் பேரிங்கும் மாற்றினேன். முன்பு யாரோ ஸ்பிளைனை (ஷாஃப்டின் பல் வெட்டிய இணைப்பை) ஒரு பல் தள்ளி மாட்டியிருந்ததால் இரு முனை நுகங்களும் ஒரே நேர்கோட்டில் இல்லை; 50-க்கு மேல் வந்த அதிர்வு அதனால்தான். எண்ணெய் விஷயத்தில் ஒரு சொல்: ஆக்ஸிலுக்கு ஜிஎல்-5 தர எண்ணெய், கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரம். ஜிஎல்-5-இல் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மானம் கியர் சத்தமின்றி விழ உதவும் சிங்க்ரோ வளையத்தின் பித்தளையை அரிக்கும்.

முதல் நாட்களில் 20 கிலோமீட்டர் ஓட்டுவது, கை வைக்கும் சூட்டுக்கு ஆறவிடுவது, மீண்டும் ஓட்டுவது. 500 கிலோமீட்டர் வரை லோடு இல்லை. பிறகு எண்ணெயை வடித்தேன். போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் பசைபோல் மெல்லிய துகள் மட்டும், செதில் எதுவும் இல்லை. வடிந்த எண்ணெய் தேன் நிறம்.

வைகாசியில், போர்வெல் தண்ணீரில் விளைந்த கோடை நெல் 30 மூட்டை ஏற்றி அதே கரைச் சரிவுக்குப் போனேன். விகிதம் மாறியதால் சக்கரத்துக்குப் போகும் இழுவை 9 சதவீதம் குறைந்திருக்கிறது. அது தெரிகிறது: சரிவின் நடுவில் நிறுத்தி எடுத்தால் கிளட்சைக் கொஞ்சம் பொறுமையாக விட வேண்டும். மலை இல்லாத இந்த மண்ணில் அந்த இழப்பு எனக்குச் சம்மதம். இரண்டாவது கியரில், எங்கும் வழுக்காமல், கரைமேல் ஏறி நின்றது.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு இன்னும் இரண்டு வாரம். வாய்க்காலில் தண்ணீர் வந்தபின் ஒரு வாரம் இறங்கி ஏறிவிட்டு, மறுபடி அந்த வடிகால் போல்ட்டைத் திறந்து எண்ணெயின் நிறத்தைப் பார்க்க வேண்டும்.