மண்சுவரில் மறைந்த கோடு

அகழாய்வுக் குழிகளைப் படம்பிடிக்கும் பணியில் சேர்ந்த புதிதில், கண்ணுக்குத் தப்புவதும் கேமராவுக்குத் தப்பாது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். பழங்கால ஈமக்குழியைச் சுற்றிக் கற்களை வட்டமாக அடுக்கிய ஒரு கல்வட்டத்தின் நடுவே தோண்டிய குழி அந்த நம்பிக்கையைக் குலைத்தது. கல்பதுக்கையை, அதாவது கற்பலகைகளால் ஆன ஈமப்பெட்டியை, அமைப்பதற்காகப் பெருங்கற்கால மக்கள் வெட்டிய பள்ளத்தின் விளிம்பு, மண்சுவரைச் செதுக்கிய காலை வேளையில், ஈரத்தால் கருத்த மெல்லிய கோடாகத் தெரிந்தது. துருத்திய வேர்களை நறுக்கி, காலடித் தடங்களைத் துடைத்து, அளவுகோலையும் வடதிசைக் குறியையும் வைத்து நான் தயாராவதற்குள் வெயில் ஏறி மண் உலர்ந்துவிட, படத்தில் ஒரே நிறச் செம்மண்தான் பதிந்தது. தண்ணீர் தெளித்துப் பார்த்தும் கோடு பாதிதான் திரும்பியது. மேற்பார்வையிட்ட ஆய்வாளர் அதைக் கரண்டி நுனியால் கீறி, வரைபடத்தாளில் முன்பே குறித்திருந்ததால்தான் பிழைத்தோம்.

மெடோஸ் டெய்லரின் வரைபடங்களை நான் மரியாதையுடன் பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான். ஐதராபாத் நிஜாம் அரசின் பணியில் இருந்த ஆங்கிலேயரான அவர் தொல்லியல் பயின்றவர் அல்லர். ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இன்றைய கர்நாடகத்தின் சோராப்பூர்ப் பகுதியில், ஈமக்குழிகளின் மேல் கற்களைக் குவித்த கற்குவைகளைத் தோண்டியபோது, எலும்பும் மட்கலமும் எந்த அடுக்கில் கிடந்தன என்பது விளங்கும்படி குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து வைத்தார். புதையல் தேடுவதுபோல் பலர் தோண்டிய காலம் அது.

அன்றைய புகைப்படக்காரரின் பாடும் எளிதன்று. 1851இல் அறிமுகமான ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஆகவே வெளியிடங்களுக்கு இருட்டுக் கூடாரமும் உடன் போக வேண்டியிருந்தது. (மண் உலர்வதற்கு நான் அஞ்சினேன், அவர்கள் தகடு உலர்வதற்கு அஞ்சினார்கள்.) நீலகிரியின் ஆணையர் ப்ரீக்ஸ் அங்குள்ள கற்குவைகளைத் தோண்டியது பற்றிய நூல், அவர் மறைவுக்குப் பின் 1873இல் படங்களுடன் வெளிவந்தது. ஆனால் அங்கு கிடைத்த மட்கல மூடியின் மேல் நிற்கும் எருமை உருவத்தைத் தனியே எடுத்துப் படம்பிடித்தால், அது குவையில் எந்த ஆழத்தில், எதன் அருகே கிடந்தது என்பதை அந்தப் படம் சொல்லாது. அந்த ஒரு செய்தியில், டெய்லரின் கைவரைபடமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது மண்சுவரைச் செதுக்கியதும், தூய்மை பாராமல் முதலில் ஒரு படம் எடுத்துவிடுகிறேன். வேர்கள் துருத்திக்கொண்டிருக்கும், யாருடைய மண்வெட்டியாவது ஓரத்தில் கிடக்கும். அறிக்கையில் அச்சிட அது உதவாது. கோடு மட்டும் இருக்கும்.