உயரமானி கட்டும் நாட்கள்

பிப்ரவரி 2
வீக்கம் வற்றவில்லை. கால் ஒரு நாற்காலியில், நான் ஒரு நாற்காலியில். விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கிறவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் உயரமானி ஒன்றை நானே கட்டுகிறேன். மேசையில் சால்டரிங் அயர்ன், சென்சார்கள், தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை.

பிப்ரவரி 3
எம்எஸ்5611 பேசத் தொடங்கிவிட்டது. பத்து சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தைக்கூடப் பிரித்துச் சொல்லும் காற்றழுத்த சென்சார். மேசையிலிருந்து தரைக்கு இறக்கினால் எண் குறைகிறது, தூக்கினால் ஏறுகிறது. மதியம் முழுக்க இதே வேலை.

தரைக்கு அருகே காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஏறியிருக்கிறோம் என்று கணக்கு. 4,000 மீட்டரில் அதே ஒரு ஹெக்டோபாஸ்கல் 12 மீட்டருக்கு மேல். காற்று மெலிய மெலிய சென்சாரின் சின்னப் பிசகும் பெரிதாகத் தெரியும். பரவாயில்லை, அங்கே தாராளமாக இடம் இருக்கிறது. கீழேதான் இல்லை.

பிப்ரவரி 5
தம்பி வந்தான். வந்ததும் காலைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தான்.
"அக்கா, எப்ப ரெடி?"
"இன்னும் பெட்டியே இல்லடா."
"டேப் போட்டு ஒட்டிக் கட்டிக்கிறேன்."
முறைத்தேன். டீ போடப் போய்விட்டான்.

பிப்ரவரி 6
திரையில் எண் துள்ளுகிறது. துள்ளாமல் இருக்கப் பழைய அளவுகளோடு சேர்த்துச் சராசரி எடுக்கலாம். எடுத்தால் அழகாக இருக்கிறது, ஆனால் பின்தங்குகிறது. வயிறு தரையைப் பார்க்க விழுகிறவன் நொடிக்கு 54 மீட்டர் போகிறான். எண் ஒரு நொடி பின்தங்கினால் 177 அடி தப்பு. அதுவும் எந்தப் பக்கம்? உண்மையில் இருப்பதைவிட மேலே இருப்பதாகக் காட்டும். இதமான பொய்.

வேகத்தையும் சேர்த்துக் கணிக்கிற ஆல்பா-பீட்டா வடிகட்டிக்கு மாறினேன். ஒரே வேகத்தில் விழும்வரை அது பின்தங்காது. பாராசூட் விரியும் அந்த இரண்டு மூன்று நொடியில் மட்டும் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பும். அப்போது யாரும் மணிக்கட்டைப் பார்க்க மாட்டார்கள், தலைக்கு மேலே துணியைத்தான் பார்ப்பார்கள்.

பிப்ரவரி 8
எண் அப்படியே நின்றுவிட்டால்?

பிப்ரவரி 9
தூக்கமில்லை.

திரை அணைந்துபோனால் பயமில்லை. அணைந்த திரையைப் பார்த்தவன் அடுத்த கையில் உள்ள, கடையில் வாங்கிய உயரமானியைப் பார்ப்பான். எதுவுமே சரியில்லை என்றால் பாராசூட்டை இழுத்துவிடுவான், அதுதான் பாடம். ஆனால் 6,200 என்று காட்டிக்கொண்டே நிற்கிற திரை? 6,200 அடி என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. கூட விழுகிற ஆளைப் பார்த்து ஒரு சிரிப்பு, ஒரு திருப்பம், பத்து நொடி போயிருக்கும். பத்து நொடி என்றால் கிட்டத்தட்ட 1,800 அடி.

இது கற்பனையும் இல்லை. இந்த ஓஎல்இடி திரைக்குச் சொந்த நினைவகம் இருக்கிறது. சென்சார் கம்பி அதிர்ச்சியில் ஒரு கணம் விட்டால், சென்சாரும் சிப்பும் பேசிக்கொள்ளும் ஐ2சி தடம் மாட்டிக்கொள்ளும், சிப் பதிலுக்காகக் காத்து உறையும், திரை கடைசி எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். வெயிலில் நன்றாகத் தெரியும் என்று ஈ-பேப்பர் வாங்கி வைத்திருந்தேன். அது இன்னும் மோசம், பேட்டரியைக் கழற்றி எறிந்தாலும் எண் போகாது. டிராயரில் போட்டுவிட்டேன்.

வாட்ச்டாக் என்ற கண்காணிப்பு டைமர் வைத்தால் சிப் உறைந்ததும் தானே ரீஸ்டார்ட் ஆகும். சரி. ரீஸ்டார்ட் ஆனதும் என்ன செய்யும்? தரையில் இருப்பதாக நினைத்து அங்கேயே பூஜ்யம் வைக்கும். 6,000 அடியில் பூஜ்யம்! ஆகவே தரை அழுத்தத்தை, ரீஸ்டார்ட் ஆனாலும் அழியாத ஈஈப்ராம் நினைவகத்தில் எழுதி வைக்க வேண்டும். வாட்ச்டாக் எழுப்பியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

விடியும்போது இன்னொன்று தோன்றியது. உயிரோடு இருக்கும் சென்சார் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பத் தராது, கடைசி பிட்டுகள் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அச்சுப் பிசகாமல் அதே எண் தொடர்ந்து வந்தால் அது செத்த எண். திரையை வெறுமையாக்கு.

பிப்ரவரி 12
ஜன்னல் வெயில் சென்சார் மேல் விழுந்ததும் உயரம் ஏறியது. இந்தச் சிப்புக்கு வெளிச்சம் ஆகாது. கறுப்பு நுரைத் துண்டு மூடினேன். காற்று புகும், ஒளி புகாது, எதிர்க்காற்றின் அடியும் குறையும்.

பிப்ரவரி 14
1648 செப்டம்பரில் பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்கல் தன் அக்காள் கணவர் பெரியேவைப் பாதரசக் குழாயோடு பூய் தெ தோம் மலைக்கு அனுப்பினார். பாஸ்கல் பாரிஸிலேயே இருந்தார், உடம்பு சரியில்லாத மனிதர். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. எனக்குப் பிடித்த இடம் அதுவல்ல. அடிவாரத்தில் இன்னொரு குழாயை வைத்து, ஒரு துறவியை நாள் முழுக்கக் கவனிக்கச் சொல்லியிருந்தார் பெரியே. அது அசையவே இல்லை. அதனால்தான் மாற்றம் மலையால் வந்தது, வானிலையால் அல்ல என்று சொல்ல முடிந்தது.

என் கருவிக்கு அந்தத் துறவி கிடையாது. காலையில் பூஜ்யம் வைத்தபின் அழுத்தம் இரண்டு ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் தரையே 16 மீட்டர் உயர்ந்துவிடும். தரையில் சும்மா கிடக்கும்போது மெல்லத் தானே சரிசெய்துகொள்ளட்டும். விமானம் ஏறத் தொடங்கியதும் தொடக்கூடாது.

அத்தானை மலையேற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்கள் எப்படிப் போயிருக்கும் அவருக்கு?

பிப்ரவரி 15
டாக்டர்: "இன்னும் கொஞ்ச நாள்." யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 18
ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தேன். 4,000 மீட்டரில் வழக்கமான கணக்குப்படி மைனஸ் 11 டிகிரி. பட்டன் செல் குளிர்ந்தால் உள்தடை கூடுகிறது, பஸ்ஸர் கத்தும் கணத்தில் மின்னழுத்தம் விழுகிறது, சிப் ரீசெட். "இப்போது இழு" என்று கத்த வேண்டிய நொடியிலேயே மயக்கம்! லித்தியம் பாலிமருக்கு மாறியாச்சு, பக்கத்தில் ஒரு பெரிய கெப்பாசிட்டர். இப்போது குளிரிலும் கத்துகிறது. பக்கத்து அறையிலிருந்து திட்டு.

பிப்ரவரி 20
தம்பி சனிக்கிழமை போகிறானாம். அவனுடைய வழக்கமான உயரமானி இடது கையில், ஹெல்மெட்டுக்குள் ஒலி எழுப்புவது, முதுகில் பாராசூட்டைத் தானே திறக்கும் சைப்ரஸ் கருவி. சைப்ரஸ் 225 மீட்டரில், நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வ் பாராசூட்டை மூடிப் பிடித்திருக்கும் கயிற்றைத் தானே வெட்டிவிடும். என்னுடையது வலது கையில், திரையை மூடி, வெறும் பதிவுக்கு மட்டும். இந்த நிபந்தனைக்குத் தலையாட்டினான். ரொம்ப வேகமாகத் தலையாட்டினான்.

பிப்ரவரி 21
விழும் உடம்புக்குப் பின்னால் காற்று அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் உண்டு. கை அதற்குள் போனால் சென்சார் உயரத்தைக் கூட்டிச் சொல்லும், எதிர்க்காற்றைப் பார்த்தால் குறைத்துச் சொல்லும். அதிகபட்சம் எவ்வளவு? முழு எதிர்க்காற்றும் துளையில் அடித்தால் பிழை, வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தது. காற்றின் அடர்த்தி கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. நொடிக்கு 54 மீட்டருக்குப் போட்டால் 149 மீட்டர். ஐநூறு அடிக்குக் கிட்ட! பத்து சென்டிமீட்டர் சென்சாரை வைத்துக்கொண்டு பீற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 22
மேகம் தாழ்ந்து கிடக்கிறது. யாரும் ஏறவில்லை. அவனுக்குக் கடுப்பு, எனக்கு நிம்மதி. சொல்லிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 23
ஏறிவிட்டான் என்று செய்தி. எண் நின்றுவிட்டால். திரையை மூடித்தான் கொடுத்தேன். டேப்பைப் பிரித்திருப்பானோ?

பின்னேரம்: இறங்கிவிட்டான். பிரிக்கவில்லையாம்.

பிப்ரவரி 24
பதிவை வரைபடமாகப் போட்டேன். கதவு திறந்ததும் ஒரு சின்ன முள். வெளியேறியபின் முதல் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய பத்து நொடி, அப்புறம் ஆயிரத்துக்கு ஐந்தைந்து நொடி. பாடத்தில் சொல்வதேதான், ஆனால் நான் சால்டர் செய்த கம்பி சொல்லும்போது வேறு மாதிரி இருக்கிறது. நான் சொன்னபடி தம்பி மல்லாந்து புரண்ட இடத்தில் எண் ஒரேயடியாகத் தாவியிருக்கிறது. விரியும்போது வடிகட்டி தாண்டிப் போய்த் திரும்பியது, எதிர்பார்த்ததைவிட அதிகமாக. வடிகட்டி தன் வேகக் கணிப்பை எவ்வளவு சீக்கிரம் திருத்துகிறது என்பதுதான் பீட்டா; அதைக் கூட்ட வேண்டும்.

உறையவில்லை. ஒரு இடத்திலும் இல்லை. ஆனால் ஒரு குதிப்பு என்ன சாட்சி?

பிப்ரவரி 26
கருவியின் நிரலை எல்லோருக்கும் வெளியிடச் சொல்கிறான் தம்பி. ஓப்பன் சோர்ஸ் உரிமமான ஜிபிஎல்லில் பெரிய எழுத்தில் இருக்கிறது, எந்த உத்தரவாதமும் கிடையாது என்று. அந்தப் பத்தி வக்கீலுக்குப் போதும். முகம் தெரியாத ஒருவர் ராத்திரி உட்கார்ந்து இதைக் கட்டி, டேப்பைப் பிரித்து, இதை மட்டும் பார்த்து விழுந்தால்? ஓப்பன் சோர்ஸ் இல்லாவிட்டால் அவருக்கு நிரலில் உள்ள ஓட்டையைச் சொல்ல ஆளும் இருக்காது, அதுவும் உண்மை. கடைக் கருவிகளுக்குள் என்ன வடிகட்டி ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் அதைத்தான் தம்பியின் இடது கையில் கட்டச் சொன்னேன்.

நிரலோடு போகும் விளக்கக் குறிப்பான ரீட்மீயின் முதல் வரி மட்டும் எழுதியாகிவிட்டது: "இதை மட்டும் நம்பிக் குதிக்காதீர்கள்."

பிப்ரவரி 27
தம்பி: "அக்கா, அடுத்த தடவை திரை தெரியட்டும்."
இல்லை என்றேன். மறுபடி கேட்டான். இல்லை.

பிப்ரவரி 28
பீட்டாவைக் கூட்டித் தம்பியின் குதிப்புப் பதிவை மறுபடி ஓட்டினேன், தாண்டல் பாதியாகிவிட்டது. சென்சார் கம்பியை வேண்டுமென்றே தளர்த்தி, உலுக்கிப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை டாக்டர்.