விடுதி கண்டாய்

பள்ளிக்கூட மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மைதானமும் இல்லை, மணிக்கூண்டும் இல்லை. ஒரு சொல்: விடுதி.

ஏழாம் வகுப்பில் சேர்ந்த அன்று றங்குப் பெட்டியையும் என்னையும் விடுதி வாசலில் இறக்கிவிட்டு அப்பா பஸ் ஏறினார். "பெடியனை அந்தரிக்க விட்டிட்டு வந்திட்டியளே" என்று அம்மா வீட்டில் சண்டை பிடித்தது பிறகுதான் தெரியும். அந்தரம் வடமொழியிலிருந்து வந்த சொல். இடைவெளி, வானம் என்று பொருள். மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் தொங்கவிடுவது. என் நிலைமையும் அதுதான்.

அந்தக் கிழமையே சமயபாடத்தில் திருவாசகம், நீத்தல் விண்ணப்பம். "விள்ளேன் எனினும் விடுதி கண்டாய்" என்று வாசித்த சேர், பொருள் சொல்லும்படி என்னை எழுப்பினார்.

"விடுதியைப் பார்த்தாய், சேர்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இது நீ படுக்கிற விடுதி இல்லையடா தம்பி. விடு என்கிற வினை. விடுதி என்றால் விடுவாய். கண்டாய் வெறும் அசை, தனிப்பொருள் இல்லை. என்னை விட்டுவிடுவாயோ என்று மாணிக்கவாசகர் கெஞ்சுகிறார்." 50 பாட்டிலும் இதே கெஞ்சல்தான். நீத்தல் என்றால் விட்டு நீங்குதல். சிவன் தன்னை அப்படி விட்டுவிடக் கூடாதென்று போட்ட மனு அது.

அப்புறம் சேர் கரும்பலகைப் பக்கம் திரும்பினார், பாடம் இலக்கணமாகிவிட்டது. கெடு கேடாவது போல விடு வீடாகும்; முதனிலை திரிந்த தொழிற்பெயர். பற்றை விட்டவன் அடைவது வீடு, அதாவது முத்தி. வழிப்போக்கன் மூட்டையை இறக்குமிடம் விடுதி. பள்ளிக்கூடம் விட்டால் விடுமுறை. இவ்வளவு நல்ல சொல், முன்னால் 'கை' வந்ததும் கசந்துபோகிறது: கைவிடு. பிடித்திருந்த கையை விடுவது. கெடுங்காலைக் கைவிடுவார் கேண்மையை, அதாவது கெட்ட காலத்தில் கைவிடுகிறவரின் நட்பை, சாகிற நேரத்தில் நினைத்தாலும் உள்ளம் சுடும் என்கிறது 799ஆம் குறள். அதே வள்ளுவர் உலகப் பற்றை விட்டுத் துறவியானவர்களுக்கு 'நீத்தார் பெருமை' என்று ஓர் அதிகாரமே கொடுத்திருக்கிறார்.

"அப்ப பெண்சாதி பிள்ளையளை விட்டிட்டுச் சாமியாராப் போறவர் எந்தக் கணக்கு, சேர்?" என்று பின்வாங்கில் ஒருவன் கேட்டான். நல்ல வேளை, மணி அடித்துவிட்டது.

மறுநாள் காலை 'மாணவர் விடுதி' என்ற பலகையில், அதற்குப் பக்கத்தில், வெண்கட்டியால் 'கண்டாய்' என்று எழுதியிருந்தது. 40 வருஷம் கழித்து ரொறன்ரோவிலிருந்து ஒப்புக்கொள்கிறேன்: நான்தான். விடுதிப் பொறுப்பாளர் துள்ளிக் குதித்தார். சத்தம் கேட்டு வந்த சேர் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"ஒற்றுப் பிழை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.