இருமலே வராத தொற்றும், நான் கொடுத்த நுரையீரல் திரவமும்

நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை ஆனவர்கள் இருமலை நம்பி இருக்கக் கூடாது. புது நுரையீரலுக்குப் போகும் நரம்புகள் அறுவையில் வெட்டுப்பட்டுவிடுவதால், மூச்சுக்குழாயை இணைத்த தையலுக்குக் கீழே சளி தேங்கினாலும் இருமல் வராமல் போகலாம். எனக்கும் வரவில்லை. தினமும் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டரில் எஃப்.இ.வி.1, அதாவது முதல் ஒரு நொடியில் வேகமாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தது. மறுநாளும் அப்படியே. உடனே மருத்துவக் குழுவை அழைத்தேன், குழாயை இறக்கி நுரையீரலுக்குள் பார்க்கும் பிராங்கோஸ்கோபிக்கு வரச் சொன்னார்கள்.

தொற்றா, இல்லை உடம்பு புது நுரையீரலை ஏற்காமல் தாக்கும் நிராகரிப்பா என்பதுதான் கேள்வி. இரண்டிலும் மூச்சு ஒரே மாதிரி குறையும், ஆனால் சிகிச்சை நேரெதிர். தொற்றுக்கு ஆன்டிபயாடிக். நிராகரிப்புக்கு, எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்கும் ஸ்டீராய்டு. தொற்று இருக்கும்போது அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

பரிசோதனைக்கு முன் ஒரு மருத்துவர் ஒப்புதல் படிவத்தோடு வந்தார். நுரையீரலைக் கழுவி எடுக்கும் திரவத்தில் மீதியை லிப்பிட், அதாவது கொழுப்பு பற்றிய ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்டார். கிருமியைத் தேடுவது சரி, கொழுப்பில் என்ன இருக்கிறது என்றேன். பொறுமையாக விளக்கினார்.

காற்றுப்பைகளின் உள்சுவரில் படிந்திருக்கும் சர்ஃபாக்டன்டில் சுமார் 90 சதவீதம் கொழுப்புதான். அதில் பெரும்பங்கு பாஸ்ஃபாடிடைல்கோலின் என்ற கொழுப்பு. மூச்சை விடும்போது பைகள் சுருங்கி மூடிக்கொள்ளாமல் காப்பது இந்தப் படலம். தொற்று வந்தால் சில கிருமிகளும், அவற்றோடு போராட வரும் நம் வெள்ளணுக்களும் பாஸ்ஃபோலிப்பேஸ் என்ற நொதிகளை வெளியிடுகின்றன. அவை படலத்தின் கொழுப்பை வெட்டுகின்றன. அப்படி உண்டாகும் லைசோபாஸ்ஃபாடிடைல்கோலின், மிச்சமிருக்கும் சர்ஃபாக்டன்டின் வேலையையும் கெடுக்கிறது. செல் சவ்வுகளிலிருந்து வெட்டுப்பட்டு வரும் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலமோ லூக்கோட்ரையீன், புரோஸ்டாகிளாண்டின் போன்ற அழற்சிப் பொருள்களாக மாறுகிறது. அதாவது, கிருமி செய்யும் சேதத்தோடு நம் உடம்பின் சண்டையும் சேர்ந்து அந்தக் கொழுப்பைக் குலைக்கிறது. இது எனக்குப் புதிய செய்தி. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

தொண்டையை மரத்துப்போக வைத்து, மயக்க மருந்து கொடுத்துக் குழாயை இறக்கினார்கள். உப்புநீரைச் செலுத்தி உறிஞ்சி எடுத்ததும் பயாப்ஸி பரிசோதனைக்கு நுரையீரல் திசுத் துணுக்குகள் எடுத்ததும் எனக்கு நினைவே இல்லை. மாலையில் லேசாகக் காய்ச்சல் அடித்தது. கழுவி எடுத்த பிறகு அப்படி வருவதுண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

திரவத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. பயாப்ஸியில் நிராகரிப்பு இல்லை. நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள், ஊதும் அளவும் மெல்ல ஏறியது. லிப்பிட் முடிவு இதில் எதையும் தீர்மானிக்கவில்லை. ஆராய்ச்சி மாதிரி என்பதால் அது என் கைக்கும் வராது. கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் வராத ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்போம்.

தொற்று அடங்கிய பின் செய்த பரிசோதனையிலும் திரவத்தைக் கொடுத்தேன். கிருமி போன பிறகு கொழுப்பும் பழைய நிலைக்குத் திரும்புகிறதா, அழற்சி உள்ளே தொடர்கிறதா என்பதை ஒரே ஆளின் இரண்டு மாதிரிகளை வைத்துப் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும் என்றார் அந்த மருத்துவர். மாற்று நுரையீரலில் திரும்பத் திரும்ப வரும் தொற்று, நாள்பட்ட செயலிழப்புக்கான அபாயத்தைக் கூட்டுகிறது. அந்தப் பாதையின் தொடக்கத்தைக் கொழுப்பில் முன்கூட்டியே பார்க்க முடிந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம். அடுத்த பிராங்கோஸ்கோபிக்கும் சரி என்று சொல்லிவிட்டேன்.