துடைப்பம் கேட்ட வித்துவான்

விளக்கு வைத்த பிறகு துடைப்பத்தைத் தொடக்கூடாது; வெள்ளிக்கிழமையென்றால் கேட்கவே வேண்டாம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இந்தக் கட்டுப்பாட்டை மீறாமல் வாழ்ந்த நான், பாரிஸ் நகரின் லொம்பார் தெருவில் நிலவறை ஜாஸ் கிளப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், ஓர் அக்டோபர் வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு, எண்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, மேடையில் உட்கார்ந்திருந்த வித்துவானின் கையில் துடைப்பத்தைக் கொடுத்தேன்.

கேட்டவர் அவர்தான். டிரம்ஸ் வாசிக்க வந்தவர், பையை, கோட்டுகள் மாட்டும் என் அறையிலேயே விட்டுவிட்டு மேடையேறிவிட்டார். அங்கிருந்தபடி என்னைப் பார்த்து, பலே உள்ளே இருக்கிறது, எடுத்து வாருங்கள் என்றார். பலே என்ற பிரெஞ்சுச் சொல் எனக்கு மறக்கவே மறக்காது. நம் ஊரில் பாட்டை மெச்சுவதற்குச் சொல்லும் சொல் இங்கே வீடு கூட்டும் துடைப்பத்துக்குப் பெயராக இருக்கிறதே என்று மொழி வகுப்பில் வாய்விட்டுச் சிரித்து, ஆசிரியையிடம் முறைப்பு வாங்கியவள் நான். ஆகவே சிறிதும் தயங்காமல், மூலையில் சாய்த்து வைத்திருந்த நீளக் காம்புத் துடைப்பத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் கேட்டதோ, மெல்லிய கம்பிகளை விசிறிபோல் விரித்துச் செருகிய சிறு கருவி. குச்சியால் அடிக்காமல் அதனால் டிரம்மின் தோலைத் தடவித் தேய்த்தால், ஈர மணலில் அலை திரும்புவதுபோல் ஒரு சத்தம் வரும். அதற்கும் பிரெஞ்சில் பலே என்றுதான் பெயர்.

அரங்கமே சிரித்தது. அந்த மனிதர் எழுந்து, துடைப்பத்தை இரண்டு கையாலும் வாங்கி, மேடையைத் தாளத்தோடு நாலு இழுப்பு பெருக்கிவிட்டு, அதற்கும் கைதட்டல் வாங்கிக்கொண்டார். எனக்குக் கைதட்டல் காதில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை இரவில் ஒரு வித்துவானைக் கூட்டவைத்துவிட்டேனே, மகாலட்சுமி இந்த இடத்தைவிட்டுப் போய்விட்டால் என் சம்பளம் என்னாவது என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

நான் இந்த ஊருக்கு வந்த கதையில் புதுமை ஒன்றுமில்லை. என் கணவரின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவர். அந்த ஒரு கையெழுத்தின் பலனாக, அவர் பேரனைக் கட்டிய நான் இன்று கார்ஜ் புறநகரில் ஆறாம் மாடியில் குடியிருக்கிறேன். கிளப்பில் டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, ஜாஸும் உங்களைப்போல் பட்டாளத்தோடு வந்ததுதான் என்றார். 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரெஸ்ட் துறைமுகத்தில் இறங்கிய கறுப்பின அமெரிக்க வீரர்களின் பேண்டு, ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்பவரின் தலைமையில் ஊர் ஊராக வாசித்துத்தான் இந்நாட்டுக் காதுகளுக்கு அந்தத் துள்ளலைப் பழக்கியதாம். அந்தப் படைப்பிரிவைப் பிறகு பிரெஞ்சு ராணுவத்தோடு சேர்த்தே போருக்கு அனுப்பினார்கள். என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது, அவர்களுக்கும் பென்ஷன் வந்ததா என்று கேட்டார்.

என் வேலை, வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டி, எண் போட்ட டோக்கன் கொடுத்து, போகும்போது திருப்பித் தருவது. ஆகவே இந்த ஓராண்டு ஜாஸை நான் முழுக்கக் கோட்டுகளுக்குப் பின்னாலிருந்துதான் கேட்டேன். ஜனவரியில் கம்பளிச் சுவர் தடிமனாகிவிடும். அதைத் தாண்டி முதலில் வருவது பாஸின் கட்டைக்குரல், பிறகு டிரம்ஸ், கடைசியாகத்தான் சாக்ஸபோன். முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாக இருந்தது. டிசம்பருக்குள் பாட்டின் எலும்பு பிடிபட்டுவிட்டது. பல்லவிபோல் ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். பெரும்பாலும் முப்பத்திரண்டு அளவு; ஓர் அளவுக்கு நாலு தட்டு. பிறகு அந்த முப்பத்திரண்டு அளவின் சட்டத்துக்குள் நின்றபடி ஒவ்வொருவரும் மனோதர்மத்தைக் காட்டுவார்கள். இறுதியில் டிரம்ஸும் மற்றவரும் நாலு நாலு அளவாக மாறி மாறிப் பேசிக்கொண்டால், தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் பேசிக்கொள்வது போலத்தான், இன்னும் ஐந்து நிமிடத்தில் கோட்டுக்கு ஆள் வருவார் என்று அர்த்தம். என் இசை ஞானம் அந்த அளவில் உத்தியோகத்துக்கு உதவியது.

தாளத்தில் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் தொடையில் முதல் தட்டான சமத்தைத் தட்டுகிறேன். இவர்கள் இரண்டாவது தட்டிலும் நாலாவது தட்டிலும் விரலைச் சொடுக்குகிறார்கள். புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமையன்று முதலாளி வந்து, இரவு இரண்டாம் கச்சேரிக்குப் பிறகு பெஃப் இருக்கிறது, இருந்துவிட்டுப் போ என்றார். பெஃப் என்றால் மாட்டிறைச்சி. இந்த மாதம் முட்டைகூடத் தொடமாட்டேன் என்று பணிவாகச் சொன்னேன். வாத்தியக்காரர்கள் ஒத்திகையின்றிக் கூடி வாசிப்பதற்கு அப்படிப் பெயராம்; 1922-இல் திறந்த, கூரைமேல் எருது என்று பொருள்படும் பெயர்கொண்ட ஒரு மதுக்கூடத்திலிருந்து வந்த வழக்கு என்று பெரியவர் விளக்கினார். இன்னொரு நாள், கோட்டைக் கொடுத்த ஒருவர் நான் இந்தியப் பெண் என்றறிந்து, அமெரிக்க சாக்ஸபோன் வித்துவான் ஜான் கோல்ட்ரேன் தம் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயர் வைத்தார் தெரியுமா என்று கண்கலங்கக் கேட்டார். எங்கள் தெருவில் ரவி என்று நாலு பேர் இருக்கிறார்கள் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இவையெல்லாம் பழகிவிட்டன. கடைசி ரயிலைப் பிடிக்க ஷாத்லே நிலையத்தின் நடைபாதையில் ஓடுவது பழகிவிட்டது. நனைந்த கம்பளியின் ஆட்டு வாசனையும் பழகிவிட்டது. ஆனால் மாசி மகத்தன்று, வைத்திக்குப்பம் கடற்கரையில் மயிலம் முருகன் தீர்த்தவாரிக்கு வந்து சென்ற அன்று இரவு, நான் எழுபத்தாறாம் எண் கோட்டை எண்பத்தாறாம் எண்ணுக்குக் கொடுத்துத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

பழகாதது ஒன்றுண்டு. அது அந்த அமைதி. ஒருவர் தனியாக வாசிக்கத் தொடங்கினால், குடிக்க வந்தவர்கள்கூடக் கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைக்கிறார்கள். அவர் முடித்தால், பாட்டு முடிவதற்கு முன்பே, அவருக்கென்று தனியாகக் கைதட்டுகிறார்கள். மாலை ஆறரைக்கே வாத்தியக்காரர்களை உட்காரவைத்துச் சுடச்சுடச் சாப்பாடு போடுகிறார்கள். முதலாளியே தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார். இதை முதன்முதலாகப் பார்த்த அன்று, திரும்பும் ரயிலில் எனக்கு அப்பாவின் மேல்தான் கோபம் வந்தது.

அப்பா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். முப்பது ஆண்டுகளுக்குமேல், மாப்பிள்ளைக் காருக்கு முன்னால், டியூப் லைட் சுமப்பவர்களுக்கும் ஜெனரேட்டர் வண்டிக்கும் நடுவில் நடந்துகொண்டே வாசித்தவர். சரிகை வைத்த சிவப்புக் கோட்டு ஒன்று அவருக்கு உண்டு. வைகாசி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினால், கழற்றி மாட்ட ஓர் ஆணிகூட எந்தக் கல்யாண மண்டபத்திலும் அவருக்குக் கிடைத்ததில்லை. மண்டபத்துக்குள் நாகஸ்வரம், பேண்டுக்கு வாசலோடு சரி. சாப்பாடு கடைசிப் பந்தியில், அதுவும் சாம்பார் தீர்ந்துவிட்டது ரசம் ஊற்றட்டுமா என்ற உபசாரத்தோடு. வாசிக்கும்போது பட்டாசு வெடிப்பார்கள், ஹாரன் அடிப்பார்கள், மைத்துனர்கள் ஆடுவார்கள். கேட்பவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார். கிளாரினெட்டில் கர்நாடக சங்கீதத்தையே கட்டியாண்ட ஏ.கே.சி. நடராஜனைத் தெய்வமாக நினைத்த மனிதர், இதையெல்லாம் குறையாக ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாததுதான் என் கோபம். நூறு கோட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு, அந்த ஒரு சிவப்புக் கோட்டுக்காகத்தான் நான் இத்தனை நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். யாரோடு என்றுதான் தெரியவில்லை.

அதே கோட்டில்தான் சாவு ஊர்வலங்களுக்கும் போவார். இதை என் புகுந்த வீட்டில் சொல்லவில்லை. பெண்ணின் தகப்பனார் சங்கீதக்காரர் என்பதோடு தரகர் நிறுத்திக்கொண்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. மார்ச் மாதம் ஒரு மாலை, பெரியவர் நியூ ஆர்லியன்ஸ் நகரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜாஸ் பிறந்த அந்த ஊரில் சவ ஊர்வலத்துக்கு பேண்டு உண்டாம். கல்லறைக்குப் போகும்வரை மெதுவான தோத்திரப் பாடல்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளல் பாட்டுகள். பேண்டுக்குப் பின்னால் குடையும் கைக்குட்டையும் ஆட்டிக்கொண்டு ஊரே ஆடிவரும். அதற்கு இரண்டாம் வரிசை என்று பெயர். எங்கள் அப்பாவும் சாவுக்கு வாசித்தவர்தான் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஆனால் கருவடிக்குப்பம் சுடுகாட்டு வாசலோடு அவர்கள் வேலை முடிந்துவிடும், திரும்பும்போது பாட்டு கிடையாது, கூலியை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறவேண்டியதுதான் என்றும் சொன்னேன். பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என்ன பாட்டு வாசிப்பார் என்று கேட்டார். எனக்கு நினைவிருந்த ஒரு மெட்டை முணுமுணுத்தேன். அவர் பாஸில் அதைத் தேடிப் பிடித்தார். முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டிச் சொல்லக் கூசியதை, முன்பின் அறியாத ஊரில் ஒரு நிலவறையில் சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுவதும் மாமியாரின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது.

பெரியவர்தான் சிட்னி பெஷே என்ற ஜாஸ் கலைஞரைப் பற்றியும் சொன்னார். நியூ ஆர்லியன்ஸில் 1897-இல் பிறந்து, சிறுவயதிலேயே கிளாரினெட்டைக் கையிலெடுத்தவர். பாரிஸில் துப்பாக்கிச் சண்டை ஒன்றில் சிக்கிச் சிறைக்குப் போனவர். பிறகு இதே நாட்டிலேயே குடியேறிக் கொண்டாடப்பட்டு, 1959-இல் தம் பிறந்தநாளான மே 14 அன்றே கார்ஷ் என்ற ஊரில் இறந்தவர். எங்கள் கார்ஜ் வேறு, அந்தக் கார்ஷ் வேறு; இது கூலிக்காரர்களின் ஊர், அது வசதியானவர்களின் ஊர். அவர் வாசித்ததை ஒலிப்பதிவில் கேட்டேன். சுரத்தை நடுக்கி நடுக்கி நீட்டுகிறார். அப்பா நிழற்குடையில் நின்று வெற்றிலை போட்டபின் வாசிக்கும் முதல் பாட்டு இப்படித்தான் நடுங்கும்.

அப்பா தம் ரீடுகளை, கிளாரினெட்டின் வாயில் பொருத்தி ஊதும் நாணல் சீவல்களை, வாந்தோரன் என்று அச்சிட்ட ஒரு பழைய நீலப் பெட்டியில் வைத்திருப்பார். நல்ல ரீடு இரண்டோ மூன்றோதான். அவற்றைச் சாவுக்கு எடுக்கமாட்டார், தெருப்புழுதி பட்டுவிடும் என்பார். அந்தப் பெட்டி புறப்பட்ட ஊருக்கே நான் வந்து சேர்ந்திருக்கிறேன் என்பது ஏப்ரலில்தான் உறைத்தது. மோன்மார்த்ரு மேட்டில் லெப்பிக் தெருவில் வாந்தோரன் கடை இருக்கிறது. மூச்சு வாங்க ஏறிப்போய், பத்து ரீடு கொண்ட பெட்டி ஒன்றை, அப்பா எப்போதும் வாசிக்கும் இரண்டரை எண்ணில் வாங்கினேன்; எண் கூடக்கூட ரீடு விறைப்பாகும், மூச்சும் கூட வேண்டும். ஊருக்குப் போகிறவர் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்பலாம் என்று கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

ஜூன் வந்ததும் கோட்டுகள் மறைந்தன. கொக்கிகள் வெறுமையாகத் தொங்க, என்னைக் கோப்பை கழுவ அனுப்பினார்கள். நடுவில் கம்பளிச் சுவர் இல்லாததால் பாட்டு முழுதாகக் கேட்டது. ஒரு மாலை ஏழரை மணிக் கச்சேரியில், கிளாரினெட் வாசிக்கும் இளம்பெண் ஒருத்தி மெதுவான பாட்டொன்றைத் தொடங்கினாள். பின்னால் டிரம்ஸில் பலே மட்டும் தேய்ந்துகொண்டிருந்தது. ஊரில் அப்போது இரவு பதினொன்று. அப்பா தூங்கியிருக்கமாட்டார் என்று கூப்பிட்டு, தொலைபேசியைக் கதவிடுக்கில் நீட்டிப் பிடித்தேன். அவள் முடிக்கும் முன்பே காதில் வைத்துக்கொண்டேன்.

"என்னம்மா, ஆளுங்க யாருமே வரலியா?" என்றார்.

"எழுபது பேர் இருக்காங்கப்பா."

"பின்ன ஏன் ஒரு சத்தமும் இல்ல?"

"கேட்டுக்கிட்டு இருக்காங்கப்பா."

உள்ளே கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை அப்பா ஒன்றும் பேசவில்லை. பிறகு, வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாயே, அந்த ரீடு என்ன நம்பர் என்று கேட்டார். வழக்கமான இரண்டரைதான் என்றேன்.

"ரெண்டே போதும்மா. இப்பல்லாம் மூச்சு அவ்வளவா நிக்கிறதில்ல."